கானாடுகாத்தான் பக்கம் வியட்நாம் சாப்பாடு: நாலு பேருக்கு 4296 ரூபாய் தகுமா?

வளவுத்திண்ணை:
படைப்புக்காக (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது) போன வாரம் ஊருக்கு வந்திருந்தோம். நான், வீட்டுக்காரி, ஆத்தா, ஏழாவது படிக்கிற மகள். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, அதன் முகப்பில் வியட்நாம் சாப்பாட்டையும் நம்ம ஊர்ச் சாப்பாட்டையும் கலந்து போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனோம். பெயர் போட விரும்பவில்லை, ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு ஒருவர் பிழைப்பில் கைவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் விலையைப் பற்றி நாலு பேரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஐயா வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் இரண்டாங்கட்டில் கிடக்கிறது. அதனால் வியட்நாம் சாப்பாடு என்றதும் ஆத்தாவுக்கே ஒரு ஆசை. "உங்க ஐயா அங்க என்னதான் சாப்பிட்டாகன்னு பாப்பமே" என்று கிளம்பிவிட்டார்கள்.

சாப்பிட்டது இதுதான். சிக்கன் ஃபோ (சாற்றில் நூடுல்ஸ் போட்ட கிண்ணம்) 520 வீதம் இரண்டு, சைவக் கோய் கூன் (அரிசித் தாளில் காய் வைத்துச் சுருட்டியது, நாலு துண்டு) 340, இறால் பான் செயோ (அரிசி மாவில் தோசை மாதிரி வார்த்து மடித்தது) 460, உப்புக்கறி வைத்த பான் மீ (ரொட்டிக்குள் கறி வைத்தது) 390, புன் (அவர்கள் அரிசி நூடுல்ஸ்) என்று பெயர் போட்டு இடியாப்பம் வைத்த சைவக் கிண்ணம் 420, காபி 180 வீதம் மூன்று, தண்ணீர் பாட்டில் 60 வீதம் இரண்டு. மொத்தம் 3310. அதற்கு மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம் 331, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 18 சதவீதம். கையை விட்டுப் போனது 4296.

ஃபோவில்தான் மனசு விட்டுப்போயிற்று. சாறு வெந்நீர் மாதிரி ஓடியது. அதன் மேல் மிளகுக் கோழி வறுவலை இரண்டு கரண்டி போட்டிருந்தார்கள், கொஞ்ச நேரத்தில் வறுவல் எண்ணெய் மேலே மிதந்து, மிளகு மட்டும் தொண்டையைப் பிடித்தது. இடியாப்பக் கிண்ணத்தில் இடியாப்பம் ஊறிக் கூழாகிவிட்டது. பான் மீ சுமார், ரொட்டி முதல் நாள் ரொட்டி. ஆனால் பான் செயோ இருக்கிறதே, அது அபாரம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப் பால் வாசனையோடு, முளைகட்டிய பயறும் இறாலும் வைத்து மடித்து, இலையில் சுற்றித் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தார்கள். மகள் இன்னொன்று கேட்டாள். 460 கொடுத்தேன் என்ற நினைப்பே வரவில்லை.

இன்னொரு விஷயமும் நடந்தது, அதைக் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு என் கேள்வி இவ்வளவுதான். நான் நம்ம மெஸ் விலையை மனதில் வைத்துக்கொண்டு தப்பாக அளக்கிறேனா, இல்லை உண்மையிலேயே இது அதிகமா?

தேவகோட்டை ரஸ்தா:
அதிகம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காரைக்குடியில் ஒரு நல்ல மெஸ்ஸில் நாலு பேர் கறி, மீன், நண்டு எல்லாம் வைத்து வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தாலும் ஆயிரத்து இருநூறு ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டு வந்தபின் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தால் அது என்ன சாப்பாடு?

அடுப்படி:
நான் இருபது வருஷமாகச் சமையலில் இருக்கிறேன், அதில் ஆறு வருஷம் வெளிநாட்டு ஓட்டல் அடுப்படி. அதனால் விலையை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஃபோவில் காசு போவது கோழிக்கும் நூடுல்ஸுக்கும் இல்லை, சாறுக்குத்தான். மாட்டெலும்பில் வைத்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், பல இடங்களில் ராத்திரி முழுக்க, சின்னத் தீயில் கிடக்கும். கோழியில் வைத்தால் மூன்று நாலு மணி நேரம். வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் கருக்கிப் போடுவார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கொத்தமல்லி விதை, பெரிய கறுப்பு ஏலம் எல்லாம் வெறும் சட்டியில் வறுத்துப் போவது. நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கொதிக்க விட்டால் கலங்கிவிடும். இவ்வளவும் செய்து வைத்த சாறு ஆறினால் உதட்டில் பிசுபிசுக்கும், குளிர்பெட்டியில் வைத்தால் கட்டியாகும். நம்ம ஆட்டுக்கால் சூப் ஆறும்போது ஆகிறதே, அதே மாதிரி. அப்படிப்பட்ட ஒரு கிண்ணத்துக்கு 520 கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அங்கே சாறு வைக்கவே இல்லை. தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, ருசிக்கு வறுவலைப் போட்டு மூடியிருக்கிறார்கள். வறுவல் என்பது காய்ந்த பதார்த்தம், மசாலா எண்ணெயில் சுருண்டு கறியில் ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தண்ணீரில் போட்டால் வறுவலும் போயிற்று, சாறும் போயிற்று. இரண்டு ஊர்ச் சமையலும் தெரிந்தவன் இதைச் செய்ய மாட்டான்.

வருத்தம் என்னவென்றால் இந்த இரண்டு ஊருக்கும் சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது. நம்ம மளிகைக் கடைக்கு வருகிற அன்னாசிப்பூவில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்துதான் வருகிறது. வடக்கே லாங் சோன் மலைப்பக்கம் விளைவது. அந்த மரத்துப் பூதான் அவர்கள் ஃபோவிலும் கிடக்கிறது, நம்ம கோழிக் குழம்பிலும் கிடக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, கல்பாசி ஒரு துளி, மராத்தி மொக்கு ஒன்று என்று சாறுக்குள்ளேயே நம்ம வாசனையைக் கொண்டுவரலாம். மேலே வறுவலைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
சமையல் எனக்குத் தெரியாது, பில் தெரியும். திண்ணை அண்ணே, உங்கள் பில்லில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். 18 சதவீதம் போட்டது முறைதான். தனியாக நடக்கும் உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் உணவகம் தங்கும் விடுதிக்குள் இருந்து, அந்த விடுதி முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை ஒரு நாளைக்கு 7500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்தால், அங்கே சாப்பாட்டுக்கும் 18 வந்துவிடும். பெரிய வீட்டு ஓட்டல்களில் சாப்பிடப் போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்ததும் மனக்கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

சேவைக் கட்டணம் 331 முறையில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, விருப்பப்பட்டவர் கொடுக்கலாம். அதை எதிர்த்து ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரி என்றது. நீங்கள் கொடுத்த 331 மீதும் 18 சதவீதம் ஏறியிருக்கிறது பாருங்கள், அது 59 ரூபாய் 58 காசு. ஆக 390 ரூபாய் சும்மா போயிருக்கிறது. "இதை எடுத்துவிட்டு பில் கொடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள், அவனுக்குப் போய்ச் சேரும்.

புதுவை வாசல்:
நான் புதுச்சேரிக்காரி, எங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி வியட்நாமில் பிறந்தவர். எங்கள் தாத்தா பிரெஞ்சு அரசாங்க வேலையில் அங்கே போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அப்படிப் போனவர்கள் நிறைய. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பியதை ஒட்டிப் பல குடும்பங்கள் திரும்பி வந்தன, எங்கள் வீடும் அதில் ஒன்று. அதனால் இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் கலந்த சமையல் என்று யாரும் பெயர் வைத்துச் சமைத்ததில்லை. பாட்டி கா ரி கா வைப்பார், அதாவது கோழிக் கறிக்குழம்பு. வியட்நாமியர் "கறி" என்ற நம்ம சொல்லையே "கா ரி" என்று வைத்துக்கொண்டார்கள். தேங்காய்ப் பால், கறித்தூள், எலுமிச்சைப் புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு, நம்ம குழம்பை விடத் தண்ணீராக, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி. சைகோனில் இன்றைக்கும் தெருவில் விற்கிறார்கள். நம்மவர்கள் அங்கே போனதால் அந்த ஊர் அடுப்புக்கு வந்த குழம்பு அது. செட்டிநாட்டில் ஒருவர் வியட்நாம் உணவகம் திறக்கிறார் என்றால் முதலில் வைக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். விலைப்பட்டியலில் அது இருந்ததா?

சைகோனில் நகரத்தார் கட்டிய கோயில்கள் இப்போதும் இருக்கின்றன. தெண்டாயுதபாணி கோயிலுக்கும், துருவோங் டின் தெருவில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கும் நான் போயிருக்கிறேன். மாரியம்மன் கோயிலில் வியட்நாம்காரர்கள் ஊதுபத்தியைக் கை நிறையப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். அந்தக் கோயிலில் நடந்திருக்கிற கலப்புக்கு யாரும் விலை போடவில்லை. நூறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வந்தது அது.

வளவுத்திண்ணை:
புதுவை அக்கா, கா ரி கா இல்லை. இருந்திருந்தால் ஆத்தா அதைத்தான் கேட்டிருப்பார்கள், அன்றைக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை இல்லாமல் இருந்திருந்தால். அதைத்தான் ஆறிய பிறகு எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ஆத்தா செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி தொட மாட்டார்கள். உட்கார்ந்ததும் பரிமாற வந்த பையனிடம் சொன்னோம், அவனும் "ஆச்சிக்குச் சைவம்தான், நான் பாத்துக்கிறேன்" என்று நல்ல மனதோடு சொன்னான். கோய் கூனும் இடியாப்பக் கிண்ணமும் சைவம் என்று பச்சைப் புள்ளி போட்டிருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்ட பிறகு தொட்டுக்கொள்ள வைத்த சாற்றை ஆத்தா முகர்ந்து பார்த்து, "இதுல கருவாட்டு வாடை அடிக்குதே" என்றார்கள். நான் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டேன். மீன் சாறு கலந்ததுதான், எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே சாறுதான் என்றார். பையனுக்கு அது தெரியவே தெரியாது, அவன் முகம் வெளுத்துவிட்டது. மேலாளர் வந்து "சாரி" என்று சொல்லிவிட்டு அந்த 340ஐக் கழிக்காமலேயே பில் வைத்தார்.

ஆத்தா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு விளக்கேற்றி, ராத்திரி வெறும் பால் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார்கள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. 4296 ரூபாயை நான் மறந்துவிடுவேன், அதை மறக்க முடியாது.

பள்ளத்தூர்ப் பெண்:
படித்ததும் கண் கலங்கிவிட்டது அண்ணே. ஆத்தா மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வியட்நாம் சமையலில் நூக் மாம் என்கிற மீன் சாறு நமக்கு உப்பு மாதிரி. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் அடுக்கி ஒரு வருஷம் போல ஊற வைத்து வடிப்பது. சாலட், சாறு, தொட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் இருக்கும். காய் மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொன்னாலும் இது உள்ளே இருக்கலாம். அங்கே முழுச் சைவத்துக்கு "சாய்" என்று தனிச் சொல்லே இருக்கிறது, புத்த மதத்துக்காரர்கள் மாதத்தில் அமாவாசை, பௌர்ணமி மாதிரி நாட்களில் சாய்தான் சாப்பிடுவார்கள், அதற்கென்று தனிக் கடைகள் உண்டு. அவர்களுக்கும் நம்மைப் போலவே விரத நாள் இருக்கிறது. எனவே சைவத் தொட்டுக்கொள்வது செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகாய், கொஞ்சம் சோயா, அவ்வளவுதான். தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் ஐந்து ரூபாய் செலவாகியிருக்காது.

விரத நாளில் வெளியே போனால் "சைவமா" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது எதுவும் கலக்கவில்லையே" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பரிமாறுகிறவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வருவார்.

ஆத்தங்குடிக்கல்:
நான் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். ஆத்தாவுக்கு நடந்தது பெரிய தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் விலை விஷயத்தில் அந்த வீட்டுப் பக்கம் நின்றும் ஒருவர் பேச வேண்டும்.

அந்த மாதிரி ஒரு வீட்டை நிற்க வைப்பது என்ன என்று வெளியே தெரியாது. ஒரு மழைக்காலத்தில் நாட்டு ஓடு எத்தனை மாற்ற வேண்டும், பர்மா தேக்குத் தூணில் கரையான் பிடித்தால் என்ன செலவு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுவரைத் திரும்பப் பூச ஆள் எங்கே கிடைக்கிறார்கள்? கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற ஆத்தங்குடிக் கல்லில் ஒன்று உடைந்தால் அதே பூவும் நிறமும் கிடைக்க நாங்கள் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறோம். பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமாகி, பூட்டிக் கிடந்து, கடைசியில் கதவும் தூணும் பழைய சாமான் கடைக்குப் போன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது, சுற்றுவட்டப் பிள்ளைகள் இருபது பேருக்கு வேலை கிடைக்கிறது என்றால், 180 ரூபாய் காபியில் நூறு ரூபாய் ஓட்டுக்கும் தூணுக்கும் போகட்டும் என்று நான் நினைப்பேன்.

தேவகோட்டை ரஸ்தா:
வீட்டுக்குக் காசு வேண்டும் என்றால் உள்ளே வர டிக்கெட் போடட்டும், மனமுவந்து கொடுப்போம். சாறுக்குப் பதில் வெந்நீர் ஊற்றி அதில் ஓட்டுக் காசை எடுப்பது சரியில்லை.

அடுப்படி:
ரஸ்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடத்துக்குக் காசு வாங்குவது தப்பில்லை, ஆனால் இடம் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சட்டியில் குறைக்கக் கூடாது.

இன்னொன்று. வெளிநாட்டு இலை தழை எல்லாம் விமானத்தில் வருகிறது, அதனால்தான் விலை என்று சில இடங்களில் சொல்வார்கள். ஃபோவில் போடுகிற துளசி மாதிரி இலை வேறொன்றும் இல்லை, நம்ம திருநீற்றுப் பச்சிலைக் குடும்பம்தான், வரப்பில் வளரும். புதினா, கொத்தமல்லி, முளைகட்டிய பாசிப்பயறு, எலுமிச்சை எல்லாம் காரைக்குடிச் சந்தையில் கிடைக்கும். அரிசித் தாளும் நம்ம இலை வடாம் மாதிரிதான், மாவை ஆவியில் வேக வைத்து வெயிலில் காய வைப்பது. வெளியிலிருந்து வர வேண்டியது மீன் சாறும் அந்த நூடுல்ஸும்தான், அதுவும் சென்னையில் கிடைக்கிறது. ஆக விலை என்பது நேரத்துக்கும் கைக்கும்தான்.

அந்த அளவில் பார்த்தால் இடியாப்பக் கிண்ணத்துக்கு 420 எந்தக் கணக்கிலும் வராது. புன்னும் இடியாப்பமும் அரிசி மாவைப் பிழிவதுதான், ஆனால் புன் கொதிநீரில் வெந்து குளிர்ந்த நீரில் அலசப்படுவது, அதனால் இழை வழுக்கும், சாற்றில் போட்டால் தாங்கும். இடியாப்பம் ஆவியில் வெந்தது, ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தட்டில் தனியாக வைத்து, சாற்றைப் பக்கத்தில் கொடுத்திருக்க வேண்டும். நம்ம வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலைத் தனியாகத்தானே வைக்கிறோம்?

புதுவை வாசல்:
பான் செயோ நன்றாக இருந்தது என்று திண்ணை சொன்னாரே, அதுவும் அதனால்தான் என்று தோன்றுகிறது. அங்கே யாரும் எதையும் கொட்டவில்லை. "செயோ" என்பது மாவைச் சட்டியில் ஊற்றும்போது கேட்கிற சத்தம், நாம் தோசைக்குச் "சொய்" என்று சொல்கிறோமே அதுதான். தோசை வார்த்த கைக்கு அது தானாக வரும். அந்த அடுப்பில் நிற்பது நிச்சயமாக ஒரு செட்டிநாட்டு அம்மாவாகத்தான் இருக்கும்.

வளவுத்திண்ணை:
அக்கா, நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ தெரியவில்லை, அப்படியே இருக்கிறது.

நேற்று சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெரியப்பா மகன் அண்ணனோடு திரும்பப் போனேன். சண்டைக்கு இல்லை. ஆத்தாவுக்கு நடந்ததை மேலாளரிடம் உட்கார்ந்து சொல்லாமல் வந்துவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. சொன்னேன். இந்தத் தடவை எழுந்து நின்று கேட்டார். சைவத்துக்குத் தனிச் சாறு வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், பச்சை மூடி போட்ட தனிப் பாத்திரம். அந்த 340ஐத் திருப்பித் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை, அன்றைக்குப் பரிமாறிய பையனிடம் கொடுக்கச் சொன்னேன்.

பான் செயோ இரண்டு, காபி இரண்டு. 1280, ஜிஎஸ்டி சேர்த்து 1510. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். வளவை (வீட்டின் உள்முற்றம்) பார்த்த மேசையில், காலுக்குக் கீழே குளுகுளுவென்று ஆத்தங்குடிக் கல்லோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காபி அந்தச் சின்னத் தகரக் குவளையில் சொட்டுச் சொட்டாக இறங்கி, அடியில் கெட்டிப் பாலோடு சேர்கிற வரைக்கும் யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த 1510 தகும், நான் மனதாரச் சொல்கிறேன். ஃபோவுக்கும் இடியாப்பக் கிண்ணத்துக்கும் தகாது, அவர்கள் உண்மையாகச் சாறு வைக்கிற வரைக்கும் யாரும் அதை வாங்க வேண்டாம் என்பேன். சாறைப் பற்றியும் கா ரி காவைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தேன், எழுதிக்கொண்டார்.

பான் செயோ வார்க்கிறவர் கோட்டையூர்க்கார அம்மா, அறுபது வயதிருக்கும். முன்னால் கல்யாண வீடுகளில் பணியாரம் ஊற்றப் போனவராம். ஆத்தா வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சொன்னதும் மாவுப் பக்குவத்தைச் சொன்னார், சத்தத்தில் எனக்குப் பாதி காதில் விழவில்லை. பச்சரிசி மாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப் பால் வரைக்கும் தெரியும். அடுப்படி அண்ணே, பால் முதல் பாலா, இரண்டாம் பாலா? உளுந்து சேர்க்க வேண்டுமா? நாளைக்குப் புதன்கிழமை, இறால் வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுப்படி:
இரண்டாம் பால். முதல் பால் ஊற்றினால் மொறுமொறுப்பு வராது. உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். மாவு மோர் பதத்தில் இருக்கட்டும், அரை மணி நேரம் ஊறட்டும், ஊற்றுவதற்கு முன்னால் அடியோடு கலக்குங்கள். சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இறாலையும் வெங்காயத்தையும் முதலில் வதக்கிக்கொண்டு, அதன் மேலேயே மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றுங்கள், கரண்டியால் தேய்க்காதீர்கள். பயறைப் போட்டு ஒரு நிமிஷம் மூடி, அப்புறம் மூடியை எடுத்துவிட்டு ஓரம் சுருண்டு வருகிற வரைக்கும் விடுங்கள். திருப்பிப் போடக் கூடாது, மடித்து எடுக்க வேண்டும். முதல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஆத்தாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.